கிதியோன் சொன்ன நீலம்

சிலாஸ் அந்த மூன்று சீசாக்களையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நின்று குசலம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஐவியை மட்டும் வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், திருட்டுச் சாமானைக் காட்டுகிறவன் மாதிரி முடிச்சை அவிழ்த்தான்.

"மூணும் நீலம்தான்க்கா. முதலாளி மூணு விதமாக் கலந்துட்டாரு. எதை விக்கிறதுன்னு அவருக்கே தெரியல. நல்லா எழுதுறவங்க யார்கிட்டயாவது குடுத்து எழுதிப் பார்க்கச் சொன்னாரு. எனக்கு உன்னை விட்டா யாரு?"

சிலாஸ் நாச்சாரத்தில் மைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். தொழிற்சாலை என்று அவன்தான் சொல்லிக்கொள்வான். பார்த்தவர்களுக்கு அது ஒரு தகரக் கொட்டகை, சில அண்டாக்கள், மூலையில் சாயப்பொடி டப்பாக்கள், அவ்வளவுதான். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அவன் நகக்கண்ணில் நீலம் போகாது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தாயார் காப்பி கொடுக்க மறந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது தனிக் கதை.

"பேரும் நீயே வச்சுடு. நல்லா இருந்தா லேபிள்ல போடுறேன்னு சொல்லியிருக்காரு. நாளைக்குக் காலைல வேலைக்குப் போறப்ப வந்து கேக்குறேன்."

"நாளைக்கேவா? கைக்கு இவ்வளவு அவசரம்?" என்றாள் ஐவி. ஏன் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில் 'கைக்கு'. வாய்தான் கேட்டது. கை அதற்குள் முடிச்சை வாங்கித் தன் பைக்குள் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது.

ஐவிக்கு மை என்றால் ஒரு கிறுக்கு. மற்றப் பெண்கள் ஜெனரல் பஜாருக்குப் போனால் புடவைக் கடையில் நிற்பார்கள். இவள் பேனாக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள். சபையில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகை உறைகளில் விலாசம் எழுதுவது அவள்தான். கூலி கிடையாது, புகழ் உண்டு. அவள் எழுதிய விலாசம் அழகாக இருக்கிறது என்று உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஒரு தாசில்தார் சம்சாரத்தைப் பற்றி லாலாகுடா முழுக்கத் தெரியும், ஐவி சொல்லித்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பைக்குள் சீசாக்கள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டு வந்தன. ஐப்பசி வெயில் சுடவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஷண்டிங் எஞ்சின் அவசரமில்லாமல் போவதும் வருவதுமாக இருந்தது. அவள் மனம் அப்போதே பெயர் தேட ஆரம்பித்துவிட்டது. போன வாரம் தசராவன்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்குக்காரர்கள் குடும்பத்தோடு பாலபிட்ட என்கிற பனங்காடையைப் பார்க்க வயல்பக்கம் கிளம்பினார்கள். தசராவன்று அந்தப் பறவை கண்ணில் பட்டால் வருஷம் முழுக்க நல்லது நடக்குமாம். அவர்கள் உப்பல் தாண்டி அலைந்துவிட்டுத் திரும்பினார்கள். பறவையோ இங்கே ஐவியின் வீட்டுக்கு எதிரே தந்திக் கம்பியில் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தவரை சாதாரணத் தவிட்டு நிறம். சிறகை விரித்துக் கிளம்பியதும் உள்ளேயிருந்து நீலம் கொட்டியது, வெளிறியது ஒன்று, அடர்ந்தது ஒன்று. "ஏங்க, பாருங்க, என்ன நீலம்," என்று அவள் கத்த, முற்றத்தில் முகம் மழித்துக்கொண்டிருந்த அவள் கணவர் கிதியோன் நிமிர்ந்து பார்த்து, "ஆமா, நீலம்," என்றார். அந்தச் சிறகு இந்தச் சீசாக்களில் ஏதாவது ஒன்றில் இருந்தால் பெயருக்கு அலைய வேண்டாம்.

வீட்டில் கிதியோன் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பாசஞ்சர் வண்டி டிரைவர். லைன் முடித்து விடியற்காலையில் வந்து படுத்திருந்தார். டிரைவர் தூங்கும் வீட்டுக்கென்று ஒரு நடை உண்டு. பாத்திரம் இடிக்காது, குழாய் சொட்டாது, மகள் ஜூடித்கூட வாயைக் கட்டிக்கொண்டு திரிவாள். ஐவி ஜன்னல் பக்கம் மேஜையைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு, சீசாக்களை வெளிச்சத்தில் வரிசையாக வைத்தாள். மூன்றும் ஒன்றுபோலக் கறுப்பாகத்தான் தெரிந்தன. மை சீசாவுக்குள் இருக்கும்போது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

பேனாவைக் கழற்றிக் கழுவித் துணியில் ஒற்றி, முதல் சீசாவிலிருந்து பில்லரால் உறிஞ்சி நிரப்பினாள். நிப்பைத் தாளில் வைத்ததும் கை தானாக எழுதியது: கிதியோன்.

புதுப் பேனாவோ புது மையோ கையில் கிடைத்தால் எல்லாரும் தங்கள் பெயரைத்தான் எழுதிப் பார்ப்பார்கள். ஐவி எழுதுவது இந்தப் பெயரை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதை வாயால் சொன்னதில்லை. "ஏங்க" என்பாள், "ஜூடித் அப்பா" என்பாள், ஷெட் ஆபீசில் யாராவது பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். கைக்கு அந்தக் கூச்சம் கிடையாது. முழுத்தாள் நிறைய எழுதச் சொன்னாலும் எழுதும். அவளுக்கு அது ரகசியமாகக் கூப்பிட்டுப் பார்ப்பது போல இருக்கும்.

முதல் மை ஈரமாக இருந்தபோது பளிச்சென்று, காய்ந்ததும் வான நிறத்தில் நின்றது. கலப்படமில்லாத சுத்த நீலம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொய்த்துக்கொள்வார்கள். பேனாவைக் கழுவி இரண்டாவதை நிரப்பினாள். அது அடர்த்தி; எழுத்தின் வளைவுகளில் மை தேங்கிய இடத்தில் ராத்திரி மாதிரி கறுத்து, கோடு இழுபட்ட இடத்தில் வெளுத்து, ஒரே எழுத்துக்குள் ஏறி இறங்கியது. மூன்றாவதில் எங்கேயோ ஒரு பொட்டு ஊதா இருந்தது. மாலை நேரத்தில் ஹுசேன் சாகர் ஏரி ஓரமாக பஸ்ஸில் போகும்போது தண்ணீர் ஒரு கணம் அப்படித் தெரியும். அடுத்த கணம் தெரியாது. ஐவி தாளைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள், ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். கண்ணை மூடினாலும் மூன்று நீலமும் இமைக்குள் மிதந்தன. சோறு வடிக்க நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் எழுந்திருக்க மனமில்லை. மூன்று வரியிலும் கிதியோன், கிதியோன், கிதியோன்.

பாட்டுப் பழக்கத்துக்குக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜூடித் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மம்மி, செகண்ட் ஒன் சூப்பர்," என்றாள் தாழ்ந்த குரலில். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வதும் தெலுங்கில் சண்டை போடுவதும் அவள் வழக்கம். "கைக்கு டாடி நேம் மட்டும் எழுதுறே?" என்று கேட்டுவிட்டு, அம்மாவின் முகம் சிவப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

சாயங்காலம் நாலு மணிவாக்கில் கிதியோன் எழுந்தார். முகம் கழுவி வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். ஐவி டீயை வைத்தாள். டீக்குப் பக்கத்தில் தாளை வைத்தாள். காலையிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தாள்.

இங்கே அவர்களுடைய ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஞ்சினில் ஒரு விதி உண்டு. ஓடும்போது சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவரும் கரி போடும் பாயர்மேனும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் "பச்சை" என்றால் மற்றவரும் தன் கண்ணால் பார்த்துவிட்டு "பச்சை" என்று சொல்ல வேண்டும். ஒருவர் கண் தவறினாலும் மற்றவர் கண் பிடித்துக்கொள்ளும் என்பதற்காக. கிதியோன் அந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கல்யாணமான புதிதில் லாலாகுடாப் பாலத்தில் நடந்து போகையில் அவர் தூரத்துச் சிக்னலைப் பார்த்து "சிவப்பு" என்பார், புதுப் பெண்டாட்டி வெட்கத்தோடு "சிவப்பு" என்பாள். பிறகு சிக்னல் தாண்டி எல்லாவற்றுக்கும் அது வந்துவிட்டது. தக்காளி, காகிதப்பூ, கடையில் தொங்கும் புடவை, எதைப் பார்த்தாலும் ஒருவர் நிறத்தைச் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வார். கோயிலில் போதகர் ஒரு வரி சொல்ல, சபையார் மறுவரி சொல்வது போல. மற்ற டிரைவர் சம்சாரங்கள் இதைக் கேட்டுக் கேலி செய்யும்போது ஐவிக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். தான் சொன்னதை இன்னொரு ஆள் அப்படியே திருப்பிச் சொல்ல, அதுவும் இத்தனை வருஷத்துக்குப் பிறகும், எத்தனை பெண்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

"பாருங்க," என்றாள்.

கிதியோன் தாளை எடுத்துப் பார்த்தார். "என் பேரு."

"பேரு கிடக்கட்டும். சிலாஸ் குடுத்த மை. அவங்க முதலாளிக்கு எந்தக் கலர்னு நாளைக்குச் சொல்லணும். எது நல்லா இருக்கு?"

"நீ எதைச் சொல்றே?"

"நக்கோ, அதெல்லாம் வேணாம். நான் சொல்ல மாட்டேன். நீங்க முதல்ல."

கிதியோன் டீயைக் குடித்தார். "டீ நல்லா இருக்கு," என்றார்.

"ஐயோ, மழுப்பாதீங்க."

"எழுதினவ நீ. உனக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியப் போவுது? நீ சொல்லு, நான் சரின்றேன்."

ஐவிக்கு அப்போதுதான் அந்தக் குறும்பு தோன்றியது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு முதல் வரியில் விரலை வைத்தாள். வான நிறத்தில், துளிப் பச்சைகூட இல்லாமல் இருந்த வரி அது. "இந்தப் பச்சை எப்படி?" என்றாள். பச்சையா, உனக்கென்ன கண் அவிந்துபோச்சா என்று அவர் கேட்பார், கேட்டதும் சிரிக்கலாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கிதியோன் பார்த்தார். "பச்சை," என்றார். "நல்ல பச்சை."

ஐவி சிரித்துவிட்டாள். தன் கேலிக்கு எதிர்க் கேலி செய்கிறார் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அவர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டாள். அவர் தாளை ஜன்னலுக்கு நேரே சாய்த்து அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒன்றைத் தேடுகிறவரைப் போல.

"ரெண்டாவது கறுப்பு," என்றாள். குரல் தன்னுடையதாக இல்லை.

"கறுப்பு."

மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே ஷண்டிங் எஞ்சின் பெட்டிகளை இடித்துக் கோக்கும் சத்தம் ஒவ்வொன்றாகத் தொலைதூரம் போயிற்று. அவர் இப்போது தாளைப் பார்க்கவில்லை. அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து அவளைச் சுற்றி மிதந்துகொண்டிருந்த நீலமெல்லாம் வடிந்துபோய், அந்த இடத்தில் ஒவ்வொன்றாக நினைவுகள் வந்தன. தந்திக் கம்பியில் பறவை. அவள் "என்ன நீலம்" என்ற பிறகுதான் அவர் "நீலம்" என்றார். போன கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்தபோது கடைக்காரன் எதைப் பிரித்தாலும் "ஐவிக்குப் பிடிச்சா சரி" என்றார். ஜூடித்தின் படத்தில் இருந்த மஞ்சள் வீட்டை "வெள்ளை வீடு நல்லாருக்கு" என்று புகழ்ந்து மகளிடம் திட்டு வாங்கினார். அந்தக் காலத்தில் முதலில் சொன்னவர் அவர். திருப்பிச் சொன்னவள் இவள். எப்போது மாறியது? மாறியதே தெரியாமல், அவர் தன் பேச்சைத் தட்டுவதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"எது?"

"மூணுமே நீலம்ங்க. நான் விளையாட்டுக்குச் சொன்னேன்."

கிதியோன் தாளை மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு அதன் சுருக்கத்தைக் கையால் நீவினார். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறார் என்பது ஐவிக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால்கூட நல்லது என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டாள்.

"முதல்ல நீலம்தான் போச்சு," என்றார் அவர். "போன கண் டெஸ்டு தேறி ஒரு வருஷம் கழிச்சு இருக்கும். திடீர்னு எல்லாம் இல்ல. வெளுக்கப் போட்ட துணி மாதிரி கொஞ்சம் கொஞ்சமா. அப்புறம் மஞ்சள். இப்போ பச்சையும் மஞ்சளும் ராத்திரில ஒண்ணா நிக்குது. சிவப்பு இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. அதனாலதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"பகல்ல?"

"பகல்ல சிக்னல் கை ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு பார்த்தாப் போதும். ராத்திரிதான் விளக்கு." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ராத்திரிக்குக் குணசேகரன் இருக்கான்," என்றார்.

குணசேகரன் அவருடைய பாயர்மேன். ஜோலார்பேட்டைப் பையன், கழுகுக் கண். வீட்டுக்கு வந்தால் ஐவி கையால் சாப்பிடாமல் போகமாட்டான்.

"அவன் முதல்ல சொல்லிடுவான். நான் திருப்பிச் சொல்லுவேன். அவனுக்கே தெரியாது. எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

"அவன் தப்பாச் சொன்னா?"

"சொல்ல மாட்டான் ஐவி."

"நான் சொன்னேனே."

கிதியோன் டீ டம்ளரை எடுத்தார். அது காலியாக இருந்தது.

"வீட்டுல விளையாடறதும் லைன்ல சொல்றதும் ஒண்ணா?" என்றார் கடைசியில், கோபமாக. அவர் கோபப்பட்டு ஐவி பார்த்தது குறைவு.

"உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே இருந்துச்சு? நான் பச்சைன்னேன், நீங்க பச்சைன்னீங்க. அவ்வளவு பார்த்துட்டுச் சொன்னீங்க. பின்னாடி பெட்டி பெட்டியா ஜனம் தூங்கிட்டு வருதுங்க. அதுல என்னைப்போல ஒருத்தி பிள்ளையை மடியில போட்டுட்டு உக்காந்திருப்பா."

அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது, பாவமாக இருந்தது, எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அடுத்த மாதம் அவருக்கு மெயில் வண்டி கிடைக்கப் போகிறது என்று ஷெட்டில் பேச்சு. மெயில் டிரைவர் சம்சாரம் என்று கோயிலில் எந்த வரிசையில் உட்காருவது என்பதுவரை ஐவி கற்பனை செய்து வைத்திருந்தாள். இந்தக் கண்ணோடு போய்ச் சொன்னால் எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டு, மற்றவர்கள் வண்டி எடுத்துப் போகும் நேரத்தை எழுதச் சொல்வார்கள். லாலாகுடா கேட்டைத் தாண்டும்போது அவளுக்கென்று அவர் ஊதும் அந்தச் சின்ன விசில் இனி கேட்காது. அந்த விசிலை இழப்பதற்கு அவளுக்கும் மனமில்லை. அதையும் ஒளிக்காமல் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

"நான் எதுக்குச் சொல்லாம இருந்தேன்னு கேக்கலியே நீ," என்றார் கிதியோன்.

"தெரியும்."

"தெரியாது. இறங்கிட்டா எனக்கு என்ன இருக்கு?"

வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கால்பாய் நடேசன். எந்த டிரைவர் எந்த வண்டிக்குப் போக வேண்டும் என்று ஷெட்டிலிருந்து வீடு வீடாக வந்து கூப்பிடுகிற ஆளுக்குக் கால்பாய் என்று பெயர். நடேசனுக்குத் தலை நரைத்து, பேரன் பிறந்தும் அந்தப் பெயர் போகவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, டிரைவர்கள் கையெழுத்துப் போடும் கால் புத்தகத்தைக் கக்கத்திலிருந்து எடுத்து நீட்டினார்.

"டிரைவர் சார், ராத்திரி காசிப்பேட்டை பாசஞ்சர். குணசேகரன் லீவு போட்டுட்டான், பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சாம். புதுப் பாயர்மேன் ஒருத்தன் வரான். கையெழுத்துப் போடுங்க."

ஐவி கிதியோனுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவர் சரி என்றால், அவரால் வண்டி ஓட்ட முடியாது என்று தான் சொல்லிவிடுவது என்று அந்த இரண்டு எட்டு நடப்பதற்குள் முடிவு செய்துவிட்டாள். இத்தனை வருஷ வாழ்க்கை அதோடு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. யோசித்தால் வாய் வராது.

கிதியோன் புத்தகத்தை வாங்கினார். நடேசன் நீட்டிய பேனாவையும் வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை. "எனக்குக் கண்ணு சரியில்ல நடேசன். சிக் லீவுன்னு எழுதிக்குங்க," என்றார்.

"மெட்ராஸ் ஐ-ஆ, கண்வலியா?" நடேசன் ஓரடி பின்னால் போய் நின்றார். "ஊர் பூரா அதான் சார். நாலு பேருக்கு இருக்கு ஷெட்டுல. ரயில்வே ஆஸ்பத்திரில சொட்டு மருந்து குடுப்பாங்க. மூணு நாள்ல பழையபடி வண்டி எடுத்துடலாம்."

தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று நாள் கழித்துக் குணசேகரனும் வந்துவிடுவான். ஐவி அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. ஆண்டவரே, இவரே சொல்லட்டும், என்னைச் சொல்ல வைக்காதேயும் என்று வேண்டினாள்.

"மெட்ராஸ் ஐ இல்ல," என்றார் கிதியோன். "கலர் தெரியல எனக்கு. ரொம்ப நாளாத் தெரியல. ஃபோர்மேன்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. நாளைக்கு நானே டாக்டர்கிட்ட போறேன்."

நடேசன் அவரைப் பார்த்தார், ஐவியைப் பார்த்தார். "சார், ஒரு தடவை யோசிச்சுக்குங்க," என்றார் மெதுவாக. "நான் இன்னும் ஒண்ணும் எழுதல."

"எழுதுங்க."

நடேசன் எழுதவில்லை. கிதியோனே புத்தகத்தைச் சுவரில் வைத்து எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடி நடேசனின் சட்டைப்பையில் செருகினார். நடேசன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை போனார். ஏறி ஓட்டவில்லை.

இருவரும் உள்ளே வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. வண்டிக்கு எடுத்துப் போகும் அவருடைய லைன் பெட்டி கதவோரம் தயாராக இருந்தது. ஐவி அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். நெஞ்சிலிருந்து கல் இறங்கினாற்போல ஒரு நிம்மதி, உடனே அந்த நிம்மதிக்காக வெட்கம்.

"என்மேல கோபமா?" என்றாள்.

"இருக்கு." டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "நல்ல வேளை, நீ வீட்டுலயே பொய் சொன்னே," என்றார்.

அவள் தலையை மேஜைமேல் வைத்துக்கொண்டு அழுதாள். கிதியோன் அவள் முதுகில் கையை வைத்தார். அழுது ஓயும்வரை எடுக்கவில்லை. பிறகு, தூக்கத்தில் பேசுகிறவர் போன்ற குரலில் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"விடியற்கால வண்டியில போன்கிர் வரும் பாரு. அந்தப் பெரிய பாறை மலை. அதுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவு. அங்க போறப்ப இன்னும் விடிஞ்சிருக்காது, ராத்திரியும் இருக்காது. கீழ வயல் தெரியாது, பனிதான். மலை அடியில கறுப்பு. மேல போகப் போக வெளுத்துக்கிட்டே போய், உச்சியில வானத்தோட எங்க சேருதுன்னே தெரியாது. எல்லாம் ஒரே நீலம், ஆனா ஒரே நீலம் இல்ல. நான் ரெகுலேட்டரைத் தள்ளி வேகத்தைக் குறைச்சுடுவேன். ஏன் குறைக்கிறீங்கன்னு அப்போ இருந்த பாயர்மேன் கேப்பான். வளைவுன்னு சொல்லுவேன். வளைவு ஒண்ணும் அவ்வளவு பெரிசில்ல. பார்த்துக்கிட்டே போலாம்னுதான். எஞ்சின்ல இருக்கறவனுக்கு மட்டும் கிடைக்கிறது அது. பெட்டியில இருக்கறவன் தூங்கிட்டு இருப்பான். கடைசியா அதை எப்போ பார்த்தேன்னு தெரியல எனக்கு. இதுதான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா நின்னே பார்த்திருப்பேன்."

ஐவி தலையைத் தூக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை இழுத்து வைத்துப் பார்த்தாள். அவருடைய பெயர் மூன்று தடவை. இரண்டாவது வரியில், வளைவில் கறுத்து, கோட்டில் வெளுத்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியாமல், அது இருந்தது. போன்கிர் பக்கம் விடியற்காலையில் அவள் ஒருநாளும் விழித்திருந்ததில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

அவர் கையை எடுத்து, ஆள்காட்டி விரலை அந்த வரிமேல் வைத்தாள்.

"இதுதாங்க, உங்க போன்கிர் நீலம்," என்றாள்.

கிதியோன் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இந்தத் தடவை பொய் இல்லியே?"

"இல்லங்க," என்றாள் ஐவி.

"அப்போ இதையே சிலாஸ்கிட்ட சொல்லிடு," என்றார் அவர்.